பெடல் கட்டையாகிவிட்டதா? பழைய காரின் பவர் பிரேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் குறைவில்லை. அல்சூரில் ஒரு கான்டெஸா, ஃபிரேசர் டவுனில் ஒரு டீசல் பென்ஸ், ஒயிட்ஃபீல்டு அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் உறை போர்த்திய அம்பாசடர் என்று எங்கும் இருக்கிறார்கள். இவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி, "பூஸ்டர் எங்கே கிடைக்கும்?" என்றுதான் தொடங்கும். போனது பூஸ்டர்தானா என்று முதலில் பார்த்துவிட்டு, கடைக்குப் போவது பற்றிப் பிறகு பேசலாம்.

அந்தக் கறுப்பு டப்பா என்னதான் செய்கிறது?

பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம், மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால், தட்டையான வட்ட டப்பா ஒன்று தெரியும். அதுதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம் அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) உண்டாகும் வெற்றிடம், ஒரு ஹோஸ் வழியாக இரண்டு அறைகளிலிருந்தும் காற்றை இழுத்து வைத்திருக்கும். பெடலை மிதித்ததும் பின் அறைக்குள் வெளிக்காற்று நுழையும். முன் அறையில் வெற்றிடம் அப்படியே இருப்பதால் டயாபிரம் முன்னால் தள்ளப்பட்டு, மாஸ்டர் சிலிண்டரின் ராடை அழுத்தும்.

23 செ.மீ. விட்டமுள்ள டயாபிரத்துக்குப் பரப்பு சுமார் 415 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ அழுத்த வித்தியாசம் இருந்தாலே 250 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை கிடைத்துவிடும். பெல்ஜியத்துக்காரரான ஆல்பர்ட் டெவான்டர் 1927-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்றைய புதுக் கார்கள் பலவற்றிலும் இதே தத்துவம்தான் ஓடுகிறது.

பூஸ்டர் செத்தாலும் பிரேக் சாகாது. பெடலுக்கும் மாஸ்டருக்கும் இடையே ராடு நேராக இருக்கிறது. உங்கள் கால் பலம் மட்டும் சக்கரத்துக்குப் போகும். ஆனால் கனமான, டிஸ்க் பிரேக் காரில் அந்தக் கால் பலம் சில்க் போர்டு நெரிசலுக்கே போதாது.

பெடல் கட்டை மாதிரி இருக்கிறது. பூஸ்டர் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஹோஸ், செக் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு), மேனிஃபோல்டு கேஸ்கெட், எஞ்சினே கூடக் காரணமாக இருக்கலாம். கருவி எதுவும் இல்லாமல் மூன்று சோதனைகள் செய்யலாம்.

எஞ்சின் நின்றிருக்கும்போது, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்க வேண்டும். அசையவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் வரவில்லை, அல்லது வந்தும் வேலை செய்யவில்லை.

அடுத்து, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். விட்டுவிட்டு மிதித்தால் முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்த மிதிகள் மேலேறியும் வர வேண்டும். முதல் மிதியே கட்டையாக இருந்தால் சேமித்த வெற்றிடம் எங்கோ கசிந்துவிட்டது.

மூன்றாவதாக, எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே சாவியை அணையுங்கள். 30 வினாடி அப்படியே பிடியுங்கள். கால் மேலே தள்ளப்பட்டால் டயாபிரத்திலோ வால்விலோ ஓட்டை.

இதோடு காதையும் பயன்படுத்துங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் அடியிலிருந்து "உஸ்ஸ்" என்று விடாமல் சத்தம் வந்தால், அநேகமாகக் குற்றவாளி பூஸ்டர்தான்.

கட்டையாக இல்லாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும் பெடல் என்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டர், காலிப்பர் அல்லது எண்ணெய் பட்ட லைனிங். இவற்றுக்கெல்லாம் பூஸ்டர் வாங்கி மாட்டியவர்கள் இருக்கிறார்கள். பணம் போனதுதான் மிச்சம்.

செக் வால்வை எப்படிப் பார்ப்பது?

ஹோஸ் பூஸ்டருக்குள் நுழையும் இடத்தில், ரப்பர் குரோமெட்டில் செருகியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் முட்டுதான் அது. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, பெடலைத் தொடாமல், அதை மெல்ல ஆட்டிப் பிடுங்குங்கள். உள்ளே காற்று "புஸ்" என்று பாய வேண்டும். சத்தமே இல்லையென்றால் வெற்றிடம் தங்கவில்லை என்று அர்த்தம். வெளியே எடுத்த வால்வை வாயில் வைத்து ஊதுங்கள்: பூஸ்டர் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் காற்று போக வேண்டும், எதிர்த்திசையில் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் வால்வு காலி. குரோமெட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். இந்த இரண்டும் பூஸ்டரோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

ஹோஸும் அப்படித்தான். தடித்த சுவருள்ள வெற்றிட ஹோஸ்தான் போட வேண்டும். பெட்ரோல் ஹோஸைப் போட்டால், எஞ்சின் சூட்டில் மென்மையாகி, உறிஞ்சும் வேகத்தில் சுவர்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வேக்யூம் கேஜ் (வெற்றிடம் அளக்கும் கருவி) 16 இன்ச்தான் காட்டுகிறது. மேனுவலில் 18 முதல் 21 என்று இருக்கிறதே?

பெங்களூரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த மேனுவல் எண் கடல் மட்டத்துக்கானது. நம் ஊர் சுமார் 920 மீட்டர் உயரத்தில், அதாவது 3,000 அடியில் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் பாதரசம் குறையும். ஆகவே சென்னையில் 19 காட்டும் அதே ஆரோக்கியமான எஞ்சின் இங்கே ஐடிலில் 16 காட்டும். முள் ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். 15-க்கும் கீழே இறங்கினாலோ, துடித்தாலோ எஞ்சினைக் கவனியுங்கள்: இக்னிஷன் டைமிங் தாமதம், மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு, வால்வு அட்ஜஸ்ட்மென்ட்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. உயரம் கூடக் கூட பூஸ்டரின் உதவியும் குறையும். இங்கே சுமாராக இருக்கும் பூஸ்டர், 2,240 மீட்டரிலுள்ள ஊட்டிக்குப் போனால் மேலும் நாலு இன்ச் இழக்கும். "ஊட்டியில் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை" என்ற புகாருக்கு இறக்கத்தில் சூடாகும் பிரேக்கோடு இதுவும் ஒரு காரணம்.

என்னுடையது டபிள்யூ 123 டீசல் பென்ஸ். பெடல் கட்டை. இன்னொரு தொல்லை: சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுதான் உங்கள் விடை. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி மேனிஃபோல்டு வெற்றிடம் கிடையாது. அதனால் தனி வேக்யூம் பம்ப் இருக்கும். அந்த பென்ஸில் பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டு, எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு மூன்றும் வெற்றிடத்தை நம்பியே இருக்கின்றன. இரண்டு ஒரே நேரத்தில் கெட்டால் பூஸ்டரை விட்டுவிட்டு பம்பையும், அதிலிருந்து பிரியும் மெல்லிய குழாய்களையும் பாருங்கள். பம்ப் பக்கத்து ஹோஸில் நேரடியாகக் கேஜ் மாட்டி அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆல்டர்னேட்டரின் பின்புறமே பம்ப் இருக்கும் ஜப்பானிய டீசல்களுக்கும் இது பொருந்தும். ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்தாலே அவற்றில் பிரேக் கட்டையாகும்.

பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. சக்கரத்திலோ தரையிலோ ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை.

மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்து, ஆயில் பூஸ்டருக்குள் போகிறது. சில சமயம் வெற்றிடம் அதை எஞ்சினுக்குள்ளும் இழுத்துவிடும். அப்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வரும்.

மாஸ்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பைப்பை வளைக்காமல் மாஸ்டரை ஓர் அங்குலம் முன்னால் இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பூஸ்டர் வாயின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் கொப்பளித்து உரிந்து, விரலால் தொட்டால் வழவழவென்று ஈரம் இருக்கும். அப்படி இருந்தால் மாஸ்டரை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். ஆயிலில் ஊறிய டயாபிரம் இன்றில்லாவிட்டாலும் சில மாதத்தில் கிழியும். இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

ரிப்பேர் செய்யலாமா, புதிது வாங்கலாமா? ஜே.சி. ரோட்டில் கிடைக்குமா?

கான்டெஸா, பின்னாளைய அம்பாசடர் போன்ற உள்நாட்டு வண்டிகளுக்கு முதலில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டைத்தான் சுற்ற வேண்டும். பழைய பூஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் "அது வர்றதில்ல சார்" என்ற பதில் வரும், பொருளைக் காட்டினால் உள்ளே போய்த் தேடுவார்கள். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, பிரிட்டனின் கெர்லிங் வடிவமைப்புகளை இங்கே செய்துவந்ததால், பழைய பிரிட்டிஷ் வம்சத்து பிரேக்குகளுக்கு ரப்பர் கிட் தேடுவது நாம் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை.

சிவாஜி நகர் குஜிரியில் (பழைய பொருள் சந்தையில்) பழைய பூஸ்டர் மலிவாகக் கிடைக்கும். என் கருத்து: டப்பாவுக்காக வாங்கலாம், அப்படியே மாட்டுவதற்காக வாங்கக் கூடாது. உள்ளேயிருக்கும் ரப்பருக்கு உங்கள் காரின் வயதே இருக்கும். வாங்கினால் ரீபில்டு செய்பவரிடம் கொடுத்து, டயாபிரம், வால்வு, சீல் எல்லாம் புதிதாக்கி, கைப் பம்பில் வெற்றிடம் ஏற்றி முள் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். டப்பாவின் இரு பாதிகளும் அழுத்தி மடித்து மூடப்பட்டவை. உள்ளே பலமான ஸ்பிரிங் இருக்கிறது. வீட்டில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்க வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டருக்கு இன்னொரு வழி உண்டு. உள்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது வாசர் போட்டுப் பயனில்லை. லேத்தில் பெரிதாக்கி ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். அரிய கார்களுக்கு இதுதான் கௌரவமான வழி.

1950-களின் பேக்கார்டு போன்றவற்றில் வரும் பெண்டிக்ஸ் டிரெடில்-வாக் வகை வேறு ஜாதி. அதில் பூஸ்டரும் மாஸ்டரும் ஒரே யூனிட். அனுபவம் இல்லாத கையில் கொடுக்காதீர்கள்.

வேறு காரின் பூஸ்டரை மாட்டினால் என்ன? மெக்கானிக் "மாருதியோடது உக்காரும்" என்கிறார்.

உட்காரும். உட்காருவது வேறு, ஒத்துப்போவது வேறு. டயாபிரத்தின் அளவு, பெடல் பக்கத்து ராடின் நீளம், மாஸ்டரின் போர் (உள்விட்டம்), பெடலின் நெம்புகோல் விகிதம் என நாலும் சேர்ந்துதான் உங்கள் பாதத்துக்குக் கிடைக்கும் பிரேக். பூஸ்டர் இல்லாத வண்டியின் பெடல் சுமார் 6-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும், பூஸ்டர் வண்டியில் 4-க்கு 1 அளவில். பழைய பெடலை மாற்றாமல் பூஸ்டரை மட்டும் ஏற்றினால், தொட்டதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழையில் ஈரமான ரிங் ரோட்டில் அது வரமல்ல.

போரும் அப்படித்தான். முக்கால் இன்ச் மாஸ்டருக்குப் பதில் 7/8 இன்ச் மாஸ்டர் போட்டால் பிஸ்டன் பரப்பு 36 சதவீதம் கூடும். பெடல் பயணம் குறையும், மிதிக்க வேண்டிய பலம் கூடும். "புது பூஸ்டர் போட்டும் பெடல் கட்டை" என்பவர்கள் மாஸ்டர் உடம்பில் வார்த்திருக்கும் எண்ணைப் படித்துப் பாருங்கள்.

என் பத்மினியில் பூஸ்டரே கிடையாது. போட்டுக்கொள்ளலாமா?

நாலு டிரம்மும் ஒழுங்காக இருந்தால் தேவையில்லை. டிரம்மில் சுழலும் சக்கரமே ஷூவை இழுத்து மேலும் அழுத்தவைக்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. அதனால்தான் டிஸ்க் வந்த வண்டிகளுக்கு பூஸ்டர் அவசியமானது. டிரம் டர்னிங், சரியான லைனிங், ஷூ அட்ஜஸ்ட்மென்ட் இவற்றைச் செய்தபிறகும் போதவில்லை என்றால், பைப் லைனில் தனியாகப் பொருத்தும் பூஸ்டரான ரிமோட் சர்வோ ஒன்றை யோசிக்கலாம்.

ஷூவைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதித் தள்ளுவது நம் ஷெட்களில் ஊறிய பழக்கம். வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

இந்த வேலையோடு டபுள் சர்க்யூட்டும் செய்துவிடலாமா?

காரை வாரம்தோறும் ஓட்டுகிறீர்கள் என்றால், ஆம். சிங்கிள் மாஸ்டரில் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. டபுள் சர்க்யூட்டில் ஆயில் லைன் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்கக் கார்கள் 1967 மாடலிலேயே இரட்டைச் சுற்றுக்கு மாறிவிட்டன. இதற்கான டேன்டம் (இரட்டை) மாஸ்டர் போடும்போது டிரம் பக்கத்துக்கு 10 பி.எஸ்.ஐ. அளவு எஞ்சிய அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் வால்வு தேவையா என்று பாருங்கள். பழைய மாஸ்டரில் அது உள்ளேயே இருந்திருக்கும், புதியதில் இல்லாமல் போகலாம்.

மாற்றும்போது எந்த இடத்தில் பெரும்பாலும் தப்பு நடக்கிறது?

புஷ்ராடு இடைவெளியில். பூஸ்டரிலிருந்து நீளும் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே, மேனுவல் சொல்லும் சின்ன இடைவெளி, பல வண்டிகளில் ஒரு மி.மீ.க்கும் குறைவு, இருந்தே ஆக வேண்டும். ராடு நீண்டு பிஸ்டனை எப்போதும் தள்ளிக்கொண்டே இருந்தால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். பத்து சிக்னல் தாண்டுவதற்குள் சூடான ஆயில் விரிந்து, பிரேக் தானாகப் பிடித்து, வீல் கொதிக்கும். ராடு குட்டையாக இருந்தால் பெடல் வெறுமனே பாதி தூரம் போகும்.

அளக்க எளிய வழி: ராடு முனையில் குழந்தைகள் விளையாடும் களிமண் உருண்டையை ஒட்டி, மாஸ்டரை மாட்டி, முழுக்கத் தள்ளி, திரும்பக் கழற்றி, களிமண் எவ்வளவு தடிமனாக நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது டயாபிரம் லேசாக முன்னால் நகரும் வண்டிகளும் உண்டு. அதனால் கைப் பம்பால் வெற்றிடம் ஏற்றிய நிலையிலும் ஒருமுறை அளப்பது நல்லது.

பைப், ஹோஸ்?

ரப்பர் ஹோஸ் எல்லாமே புதிது, பேரம் வேண்டாம். பழைய ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். இரும்பு பண்டி டியூப் துருப்பிடித்திருந்தால் பண்டியே, அல்லது குப்ரோ-நிக்கல் (செம்பு-நிக்கல் கலவை). ஏ.சி. கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாய் கூடாது. வெல்டிங், சாலிடர் ஒட்டும் கூடாது. குழாய் முனையைச் சரியாக விரித்து ஃபிளேர் அடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

எந்த பிரேக் ஆயில்?

பெரும்பாலான வண்டிகளுக்கு டாட் 3 அல்லது டாட் 4. புது நிலையில் டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரியிலும், டாட் 4 230 டிகிரியிலும் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியபின் அதே அளவுகள் 140, 155 எனச் சரியும். நின்றே இருக்கும் கார் என்பதால் ஆயில் கெடாது என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில்தான் பக்கத்தில் இருக்கிறது, அது கிளைக்கால் வகை. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் ஒரு சொட்டு கூட வேண்டாம், ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

ஏர் எடுப்பது?

மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன்பே வைஸில் வைத்து அதன் காற்றை எடுத்துவிடுங்கள். பிறகு வழக்கப்படி மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து. எஞ்சினை அணைத்தே செய்யுங்கள். பழைய மாஸ்டராக இருந்தால் பெடலைத் தரைவரை அமுக்காதீர்கள். வழக்கமாகப் போகாத துருப்பட்ட பகுதியில் வாசர் உரசிக் கிழியும்.

ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

கெட்ட பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகம் போடுவது பழுதுபார்ப்பு. ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணான மாற்றங்களைத்தான் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் என்று பதிய நினைப்பவர்கள், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். பூஸ்டருக்காக ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டை) வெட்டி ஒட்டும் யோசனை இருந்தால் அதற்குமுன் நிறுத்தி யோசியுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"அண்ணே, பூஸ்டர் மாத்திக் குடுங்க" என்று சொன்னால் மாற்றித்தான் கொடுப்பார். "பெடல் கட்டையா இருக்கு, கேஜ் மாட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். கேஜ் இல்லாத ஷெட் என்றால் வேறு ஷெட். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓடும்போதே பூஸ்டர் போனால்?

இரண்டு காலையும் வைத்து ஒரே மூச்சில் அழுத்தி மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் டப்பாவில் மீதமிருக்கும் வெற்றிடம் வீணாகும். அது ஓரிரு மிதிக்குத்தான் வரும். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். பெடல் தரைக்கே போகிறது என்றால் அது வேறு நோய், ஆயில் அழுத்தம் போய்விட்டது. அப்போது மட்டும் வேகமாக விட்டு விட்டு மிதிக்க வேண்டும்.

நந்தி மலையிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைக்கும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால், இரண்டாவது ஹேர்பின் வளைவுக்குள் உதவி தீர்ந்திருக்கும்.

வேலை முடிந்ததும் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

முதலில் நின்ற இடத்தில் அந்த மூன்று சோதனைகள். பிறகு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத லேஅவுட் ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில். அரை மணி ஓட்டிவிட்டு இறங்கி, நாலு வீலுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரம். நாலும் அடித்தால் மறுபடி புஷ்ராடு. ஒரு வாரம் கழித்து மாஸ்டரின் பின்பக்கத்தை மறுபடி டார்ச் அடித்துப் பார்த்த பிறகு ஹைவேக்குப் போகலாம்.

பழைய பூஸ்டரை எடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இறக்குமதிக் கார் என்றால் நிச்சயமாக வேண்டாம். புதியதாக மாட்டியது சரிவராமல் போனால், ரீபில்டு செய்ய அந்த டப்பா ஒன்றுதான் உங்களிடம் இருக்கும். உள்ளே இருக்கும் ஆயிலை வடித்து, துளைகளை டேப் ஒட்டி மூடி, எந்தக் காருடையது என்று எழுதி அட்டைப் பெட்டியில் வையுங்கள்.